கடையில் கிடைக்காத நூல் நூலகத்தில் இருக்கலாம்

ஏப்ரலில் தமிழ்மொழி விழா வந்தால் நூலகங்களில் எழுத்தாளர் சந்திப்புகள் களைகட்டும். ஆனால், அங்கு பேசப்பட்ட நூலை மறுநாள் கடையில் தேடினால் பெரும்பாலும் இருக்காது. மறுபதிப்பே காணாத உள்ளூர் நூல்கள் ஏராளம்.

அதற்கும் வழியுண்டு. சிங்கப்பூரில் பதிப்பிக்கப்படும் நூலின் இரண்டு பிரதிகளைத் தேசிய நூலக வாரியத்திடம் ஒப்படைக்க வேண்டும் என்பது சட்டம். விக்டோரியா ஸ்திரீட்டில் உள்ள லீ கோங் சியான் மேற்கோள் நூலகத்தின் நூல்களை இரவல் வாங்க முடியாது. அங்கேயே அமர்ந்து படிக்கலாம். அவ்வளவு தூரம் போக இயலாதவர்களுக்கு, 2015ல் வெளியீடு கண்ட தமிழ் மின்மரபுடைமைத் திட்டம் கைகொடுக்கும். 1965க்குப் பிந்தைய 50 ஆண்டுகால உள்ளூர்ப் படைப்புகள் பல, அதன்வழி மின்னூல்களாகியுள்ளன.

எதில் தொடங்கலாம்? மா. இளங்கண்ணனின் ‘வைகறைப் பூக்கள்’ என்பேன். ஜப்பானிய ஆக்கிரமிப்புக் காலக் கதை. தமிழ் வாசிக்கத் தடுமாறும் பேரப்பிள்ளைகளுக்கு ஆங்கில மொழிபெயர்ப்பும் உண்டு. தாத்தா தமிழிலும் பேரன் ஆங்கிலத்திலுமாகப் படித்துவிட்டு, சாப்பாட்டு மேசையில் கதையைப் பற்றித் தமிழிலேயே பேசலாமே! பாலர்களுக்கு க.து.மு. இக்பாலின் சிறுவர் பாடல்கள் பொருத்தம். உரக்கப் படித்தால்தான் சுவை.

வட்டார நூலகங்களில் இரவல் காலம் 21 நாள்.