பாதிரியார் படிப்பா? பந்தா? இரண்டும் ஒன்றாக ஓடுமா? தெரியுமா உங்களுக்கு?

பாலமுனைக் கடற்கரையில் அஸர் தொழுகை முடிந்த கையோடு பந்து உருளத் தொடங்கிவிடும். அந்தக் கூட்டத்தைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். மத்ரஸாவில் ஓதுகிற பிள்ளை ஒன்றாவது கட்டாயம் இருக்கும்! "ஓதுற பிள்ளைக்கு எதுக்கு மனே பந்து?" என்று கேட்கிற பெரியவர் ஒருவரும் கட்டாயம் இருப்பார்!

இதே கேள்வியை ரோமாபுரியிலும் கேட்டிருக்கிறார்கள், நியூயோர்க்கிலும் கேட்டிருக்கிறார்கள்! அங்கே கேட்கப்பட்டது கத்தோலிக்கப் பாதிரியாராகப் படிக்கும் பையன்களைப் பற்றி. அதற்குக் கிடைத்த பதில்களைக் கேட்டால் வாயைப் பிளப்பீர்கள்!

அமெரிக்காவில் 'ஃபுட்போல்' என்றால் நம் உதைபந்தாட்டம் இல்லை, தெரியுமா?

அங்கே பந்து உருண்டையே இல்லை! இரண்டு பக்கமும் கூரான, முட்டை போன்ற பந்து. காலால் உதைப்பதைவிடக் கையால் எறிவதும் அணைத்துக்கொண்டு ஓடுவதும்தான் அதிகம். ஆட்ட நேரம் 60 நிமிடம். ஆனால் நின்று நின்று ஆடி முடிக்க மூன்று மணித்தியாலம் ஆகிவிடும்! அதில் பந்து உண்மையிலேயே ஆட்டத்தில் இருக்கும் நேரம் எவ்வளவு? தொழில்முறைப் போட்டிகளை அளந்து பார்த்தவர்கள் சொன்ன கணக்கு: சுமார் 11 நிமிடம்! அவ்வளவுதான்!

கல்லூரி வீரனின் தலைக்கு மேல் ஒரு கடிகாரம் ஓடுகிறது, தெரியுமா?

அமெரிக்கக் கல்லூரி விளையாட்டை ஆளும் சங்கத்தின் பெயர் என்சிஏஏ. அதன் முதல் பிரிவில் பல பத்தாண்டுகளாக நிலைத்து நின்ற விதி ஒன்று உண்டு. ஒரு மாணவன் கல்லூரியில் முழுநேரமாகச் சேர்ந்த நாளிலிருந்து 5 வருடம். அதற்குள் 4 பருவம் ஆடி முடித்துவிட வேண்டும்! காயப்பட்டுப் படுத்தாலும் கடிகாரம் ஓடும்! கல்லூரி மாறினாலும் ஓடும்! படிப்பை இடையில் விட்டு வீட்டில் இருந்தாலும் ஓடிக்கொண்டே இருக்கும்!

அந்தக் கடிகாரத்தை இறைப்பணி நிறுத்திவிடும், தெரியுமா?

நம்ப முடிகிறதா? இராணுவச் சேவைக்குப் போனால் கடிகாரம் நிற்கும். திருச்சபை முறைப்படி அனுப்பும் சமயப் பணிக்குப் போனாலும் நிற்கும்! சேவை முடிந்து திரும்பி வந்தால், விட்ட இடத்திலிருந்து மறுபடி ஓடத் தொடங்கும்!

இதை அதிகம் பயன்படுத்துகிறவர்கள் மோர்மன் சபை இளைஞர்கள். அவர்களுடைய பிரிகம் யங் பல்கலைக்கழகத்தில் வீரர்கள் பலர் நடுவில் இரண்டு வருடம் ஊழியத்துக்குப் போய்விட்டு வருகிறார்கள். 24, 25 வயதிலும் கல்லூரி அணியில் ஆடுகிறார்கள்! எதிரணியில் நிற்பதோ 18 வயதுப் பையன்! இன்னொன்றும் கேளுங்கள்: அந்தப் பல்கலைக்கழகம் ஞாயிற்றுக்கிழமையில் ஆடவே ஆடாது! இறுதிப்போட்டி என்றாலும் ஆடாது!

7 அடி 6 அங்குல உயரத்தில் ஒரு ஊழியர் கதவைத் தட்டினால் எப்படி இருக்கும்?

ஷோன் பிராட்லி! கூடைப்பந்தாட்ட வீரர். உயரம் 7 அடி 6 அங்குலம்! பிரிகம் யங் அணியில் 1990–91இல் ஒரே ஒரு பருவம் ஆடினார். பிறகு பந்தை வைத்துவிட்டு அவுஸ்திரேலியாவுக்குச் சமயப் பணிக்குப் போய்விட்டார். இரண்டு வருடம் போட்டி ஆட்டமே இல்லை! திரும்பி வந்ததும் என்ன நடந்தது தெரியுமா? 1993இல் அமெரிக்கக் கூடைப்பந்தாட்ட லீக்கான என்பிஏவின் அணிகள் புதுமுகங்களைத் தேர்ந்தெடுத்தபோது, முழு அமெரிக்காவிலும் இரண்டாவது ஆளாக அவரைத்தான் அள்ளிக்கொண்டார்கள்!

பாதிரியாராகப் படிக்கிறவன் கல்லூரி அணியில் ஆடலாமா?

இங்கேதான் சுவாரசியமே! பணிக்குப் போவது வேறு, படிக்கப் போவது வேறு! திருச்சபை அனுப்பிய பணி என்றால் கடிகாரம் நிற்கும். கல்லூரியில் உட்கார்ந்து முழுநேரமாகப் படித்தாலோ, அது எந்தப் படிப்பாக இருந்தாலும் படிப்புத்தான்!

இன்னொரு கணக்கையும் பாருங்கள். கத்தோலிக்கச் சபைச் சட்டப்படி குருவாக, அதாவது பாதிரியாராக வர மெய்யியலில் இரண்டு வருடம், இறையியலில் நான்கு வருடம். ஆகக் குறைந்தது 6 வருடம்! ஆட்டக் கடிகாரமோ 5 வருடம்! படிப்பு முடியும் முன்னே ஆட்டம் முடிந்துவிடும்!

அப்படியானால் கதவு மூடியதா? இல்லை! விதிப் புத்தகம் கேட்பது 'இந்தக் கல்லூரியில் முழுநேர மாணவனா?' என்றுதான். 'நாளைக்குப் பாதிரியார் ஆவாயா?' என்று அது கேட்பதே இல்லை! அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் புனித தோமையார் பல்கலைக்கழகம் இருக்கிறது. அதன் வளாகத்திலேயே பாதிரியார் படிப்புக்கான ஒரு குருமடமும் இருக்கிறது! அங்கே தங்கும் குருமாணவர்கள் பல்கலைக்கழக வகுப்பில்தான் பட்டம் படிக்கிறார்கள். இந்தப் பல்கலைக்கழகம் 2021இல் மூன்றாம் பிரிவிலிருந்து நேரே முதல் பிரிவுக்கு ஒரே தாவு தாவியது! நவீன காலத்தில் வேறு எந்தக் கல்லூரியும் அப்படித் தாவியதில்லை!

அமெரிக்காவின் மிகப் பெரிய கிண்ணத்தில் இருப்பது குருமடத்தை விட்டு வந்த பையனின் பெயர், தெரியுமா?

வின்ஸ் லொம்பார்டி! நியூயோர்க்கின் புரூக்ளினில் பிறந்தவர். 1928இல், 15 வயதில், பாதிரியாராக வேண்டும் என்று குருமடப் பாடசாலையில் சேர்ந்தார். ஆறு வருடப் படிப்பு. அங்கே அமெரிக்க ஃபுட்போல் ஆடுவது விதிக்கு மாறானது! பையன் என்ன செய்தார் தெரியுமா? வெளியே போய் ஆடிவிட்டு வந்தார்!

நான்கு வருடத்தில் குருமடத்தை விட்டார். பிறகு படிக்கப் போன இடம் எது? ஃபோர்டம் பல்கலைக்கழகம், யேசு சபைப் பாதிரிமார் நடத்திய கல்லூரி! அங்கே அவர் இருந்த ஏழு பேர் முன்வரிசைக்கு 'ஏழு கருங்கற்கள்' என்றே பெயர் விழுந்தது!

பிற்காலத்தில் பயிற்றுநராகி, 7 வருடத்தில் 5 முறை தேசிய சம்பியன்! அமெரிக்க ஃபுட்போலின் இறுதிப்போட்டிக்குப் பெயர் சுப்பர் போல். முதலாவது சுப்பர் போலும் அவருக்கே, இரண்டாவதும் அவருக்கே! 1970இல் காலமானார். அன்றிலிருந்து சுப்பர் போல் வெள்ளிக் கிண்ணத்தின் பெயர் 'லொம்பார்டி கிண்ணம்'!

மான்செஸ்டர் யுனைடெட்டில் ஆடியவர் இன்றைக்குப் பாதிரியார், தெரியுமா?

பிலிப் மல்ரைன்! பெக்காம் ஆடிய காலத்து மான்செஸ்டர் யுனைடெட் அணியில் வளர்ந்தவர். வட அயர்லாந்துக்காக 27 சர்வதேசப் போட்டிகள்! சம்பளம், புகழ், கார், எல்லாம் கண்டவர். அத்தனையையும் விட்டு 2009இல் குருமடத்துக்குள் நுழைந்தார். 2017 ஜூலையில் பெல்ஃபாஸ்ட் நகரில் தொமினிக்கன் சபைக் குருவானார்!

சேஸ் ஹில்கன்பிரிங் கதையோ இன்னும் வேகம்! அமெரிக்காவின் கிளெம்சன் பல்கலைக்கழக உதைபந்தாட்ட வீரர். சிலி நாட்டிலும் ஆடிவிட்டு, அமெரிக்காவின் முதல்தர லீக் அணிக்கு வந்தார். 2008 ஜூலையில், பருவத்தின் நடுவிலேயே, 26 வயதில், "நான் குருமடத்துக்குப் போகிறேன்" என்று சொல்லி ஓய்வு பெற்றார்! 2014இல் பாதிரியார் ஆனார்!

பாதிரியார் படிப்பு மாணவருக்கென்றே ஓர் உலகக் கிண்ணம் இருக்கிறது, தெரியுமா?

பெயர் கிளெரிக்கஸ் கிண்ணம்! ரோமாபுரியில் 2007இல் தொடங்கியது. முதல் வருடமே 16 அணிகள்! உலகின் நாலா பக்கமிருந்தும் வந்து ரோமில் படிக்கும் குருமாணவரும் குருமாரும்தான் வீரர்கள். ஆடும்போது தலைநிமிர்ந்தால் புனித பேதுரு பேராலயத்தின் குவிமாடம் தெரியும்!

அங்கே மஞ்சள் அட்டை, சிவப்பு அட்டையோடு நீல அட்டையும் உண்டு! நீலம் கிடைத்தால் 5 நிமிடம் வெளியே போய் உட்கார வேண்டும். செய்த தவறை யோசிக்க! ஒரு பாதி ஆட்டம் 30 நிமிடம்தான். 2012இலும் 2013இலும் கிண்ணத்தைத் தூக்கியது யார்? அமெரிக்கக் குருமாணவர் அணி!

பாப்பரசர் ஒருவர் கோல் காப்பாளராக நின்றவர், தெரியுமா?

இரண்டாம் யோவான் பவுல்! போலந்தின் வடோவிச்சே ஊரில் சிறுவயதில் கோல் கம்பங்களுக்கு நடுவே நின்றவர்! 1942இல், நாட்டை நாஜிகள் பிடித்து வைத்திருந்தபோது, இரகசியக் குருமடத்தில் படிக்கத் தொடங்கி, பிறகு குருவானவர்!

பாப்பரசர் பிரான்சிஸ் உயிராய் நேசித்த ஆர்ஜென்டீனாவின் சான் லொரென்சோ கழகம் எப்படிப் பிறந்தது தெரியுமா? தெருவில் பந்தடித்த பையன்களில் ஒருவன் டிராம் வண்டியில் அடிபடப் பார்த்தான். அதைக் கண்ட லொரென்சோ மாஸா என்ற பாதிரியார் தன் கோயில் முற்றத்தையே திறந்துவிட்டார்! 1908இல் கழகம் உருவானது!

ஸ்கொட்லாந்தின் செல்டிக் கழகமோ 1887இல் பிறந்தது. தொடங்கியவர் வோல்ஃபிரிட் என்ற துறவி! எதற்காக? கிளாஸ்கோ நகரத்து ஏழைகளின் பசி தீர்க்கப் பணம் சேர்க்க!

வத்திக்கானுக்குக் கிரிக்கெட் அணி இருக்கிறது, தெரியுமா?

அரை சதுர கிலோமீட்டர்கூட இல்லாத நாட்டுக்குக் கிரிக்கெட் அணி! 2013இல் தொடங்கினார்கள். துடுப்பும் பந்தும் பிடித்தவர்கள் யார் என்று நினைக்கிறீர்கள்? இந்தியா, பாகிஸ்தான், நம் இலங்கை, இந்த நாடுகளிலிருந்து ரோமுக்குப் படிக்கப் போன குருமாணவர்கள்தான் பெரும்பாலும்!

2014இல் இங்கிலாந்தின் கன்டர்பரியில் அங்கிலிக்கன் சபை அணியோடு மோதினார்கள். 2015இல் யாரோடு தெரியுமா? இங்கிலாந்தின் யோர்க்ஷயரிலிருந்து வந்த முஸ்லிம் அணியோடு! ரோமாபுரி மைதானத்தில் ஒரு பக்கம் வருங்காலப் பாதிரிமார், மறுபக்கம் முஸ்லிம் இளைஞர்கள்! என்ன ஒரு காட்சி!

இந்தியாவுக்கே பாதிரிமாரை உருவாக்கிய குருமடம் நம் நாட்டில் இருந்தது, தெரியுமா?

கண்டிக்குப் பக்கத்தில் அம்பிட்டிய! 1893இல் பாப்பரசர் பதின்மூன்றாம் சிங்கராயர் நிறுவிய பாப்பரசர் குருமடம். நடத்தியவர்கள் யேசு சபையினர். இந்தியாவிலிருந்து பையன்கள் கடல் தாண்டி வந்து இங்கே படித்தார்கள்! 1955இல் முழுக் குருமடமும் இந்தியாவின் பூனே நகருக்கு இடம் மாறியது!

மட்டக்களப்பு மைதானத்தில் ஓர் அமெரிக்கப் பாதிரியாரின் பெயர் ஏன் இருக்கிறது, தெரியுமா?

வெபர் மைதானம்! பாலமுனையிலிருந்து பஸ் ஏறி, கல்முனை தாண்டிப் போனால் பார்த்துவிடலாம். லொம்பார்டியைப் படிக்கவைத்த அதே யேசு சபையிலிருந்து, அமெரிக்காவை விட்டு வந்தவர்தான் ஃபாதர் வெபர்! 1873இல் பிறந்த புனித மிக்கேல் கல்லூரியில் பையன்களை ஓடவைத்தார், தாண்டவைத்தார், எறியவைத்தார்!

இன்னொருவர் ஃபாதர் ஹெபர்ட். லூசியானா மாநிலத்துக்காரர். 1948இல் இலங்கைக்கு வந்தார். கிழக்கு மாகாணத்துப் பிள்ளைகளுக்குக் கூடைப்பந்தாட்டம் சொல்லிக்கொடுத்தே வாழ்ந்தார். 1990 ஆகஸ்ட் 15. இந்தக் கரை முழுக்க எல்லாச் சமூகத்தாரும் இரத்தத்திலும் கண்ணீரிலும் நனைந்த மாதம். அன்று ஓர் இளைஞனோடு மட்டக்களப்புக்குப் புறப்பட்டவர் வந்து சேரவே இல்லை. அவரிடம் பந்து பிடிக்கப் பழகியவர்கள் இன்றும் அந்தப் பெயரைச் சொல்கிறார்கள்!

மைதானத்தில் ஸஜ்தா செய்த வீரருக்கு என்ன நடந்தது, தெரியுமா?

இதைக் கேட்டே ஆக வேண்டும்! ஹுசைன் அப்துல்லாஹ். வொஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஆடி, அமெரிக்காவின் தேசிய லீக்கான என்எஃப்எல் வரை போனவர். ரமழானில் நோன்பு பிடித்துக்கொண்டே பயிற்சி எடுத்தவர்! 2012இல் ஹஜ்ஜுக்காக முழுப் பருவத்தையும் விட்டுக்கொடுத்தார்! ஹம்ஸா என்ற சகோதரரும் ஒரு வீரர். அவரும் சேர்ந்தே போனார்! கோடிகள் புரளும் லீக்கை விட்டுவிட்டு மக்காவுக்கு!

மறு வருடமே இன்னொரு அணி அழைத்துக்கொண்டது. 2014 செப்டெம்பர் 29. டொம் பிரேடி எறிந்த பந்தை இடையில் பறித்து, எல்லைக்கோடு வரை ஓடினார்! டொம் பிரேடி யார் தெரியுமா? அந்த ஆட்டத்தின் மெஸ்ஸி! ஓடி முடித்ததும் அப்படியே ஸஜ்தாவில் விழுந்தார்! நடுவர் கொடியை எறிந்தார்: 15 யார் தூரத் தண்டனை!

அடுத்த நாள் லீக்கே வாய் திறந்தது: தண்டனை கொடுத்தது பிழை! இறைவனுக்காகத் தரையில் விழுவது குற்றம் இல்லை!

நம் ஊரில் எத்தனை நிமிடம் இருக்கிறது, தெரியுமா?

கடைசிக் கணக்கு இது. முழு உதைபந்தாட்டப் போட்டி 90 நிமிடம். பாலமுனையில் அஸருக்கும் மஃரிபுக்கும் இடையே இரண்டரை மணித்தியாலத்துக்குக் குறையாது. அதாவது 150 நிமிடம்! போட்டி முழுவதும் ஆடலாம். இடைவேளை எடுக்கலாம். வியர்வை துடைத்து, வுழூ செய்து, முதல் வரிசையிலேயே போய் நிற்கலாம்! அதற்குப் பிறகும் நேரம் மிச்சம்!

அமெரிக்காக்காரன் ஐந்து வருடக் கடிகாரத்தையே இறைப்பணிக்காக நிறுத்துகிறான். பாதிரியார் ஒருவர் பந்துக்காகக் கோயில் முற்றத்தையே திறந்துவிடுகிறார். நமக்கோ கடிகாரத்தை நிறுத்தவும் தேவையில்லை, விதியை மாற்றவும் தேவையில்லை! தொழுகை நேரங்களுக்கு நடுவிலேயே ஒரு முழு ஆட்டத்துக்கு இடம் கிடக்கிறது!

இன்றைக்கு அஸருக்குப் பிறகு ஓதுகிற பிள்ளை தொப்பியை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு கடற்கரைக்கு ஓடினால், "எதுக்கு மனே பந்து?" என்று கேட்காதீர்கள். "எத்தன கோல் மனே?" என்று கேளுங்கள்!