இளைத்தவனுக்கு எள்ளு!

(நமது நிருபர்)

சக்குபள்ளம்: இடுக்கி மாவட்டத்தில் ரயில் தண்டவாளமே கிடையாது. ஆனாலும் ரயில்வே வேலைக்கு ஆசைப்படும் வாலிபர்களுக்கு இந்த ஏலமலையில் குறைவில்லை. நான் ரயில்வேயில் குமாஸ்தா என்பதால் லீவில் வரும்போதெல்லாம் யாராவது விவரம் கேட்டு வருவார்கள். அப்படித்தான் அந்தத் தம்பியும் வந்தார். ஏலத்தோட்டத்து லயத்தில் பிறந்து வளர்ந்தவர். ரயில்வே பாதுகாப்புப் படையில் காவலராகச் சேர வேண்டும் என்பது அவர் கனவு.

படிப்பு இருந்தது. உயரமும் இருந்தது. மார்பளவுதான் இல்லை. 2024-ம் ஆண்டு அறிவிப்பின்படி பொதுப் பிரிவினரும் இதர பிற்பட்ட வகுப்பினரும் 165 செ.மீ. உயரம் இருக்க வேண்டும். மார்பு 80 செ.மீ.; மூச்சை இழுத்து விரித்தால் 85 செ.மீ. தையற்கடை நாடாவால் அளந்து பார்த்தோம். 76 தான் வந்தது. எடை 50 கிலோ.

"அண்ணே, இந்த டின்னு மாவு வாங்கித் தின்னா ஒரு மாசத்துல ஏறிடுமாம்" என்று ஒரு விளம்பரத்தைக் காட்டினார். விலையைக் கேட்டேன். அவருடைய தாயார் காய் எடுத்துச் சம்பாதிக்கும் ஒரு வாரக் கூலி!

நானும் அந்த வயதில் ஒல்லிக்குச்சிதான். நானும் அப்படி ஒரு டின் வாங்கியவன்தான். டின் காலியானது, சட்டை மட்டும் தொளதொள என்றே இருந்தது. ஆகவேதான் இந்தக் கட்டுரை.

ரயில்வேக்காரர் ஒருவர்

மனோகர் ஐச் என்று ஒரு வங்காளி. 1912-ல் இன்றைய வங்கதேசத்தின் கொமில்லா பகுதியில் பிறந்தவர். உயரம் 4 அடி 11 அங்குலம்தான். சிறு வயதில் கருங்காய்ச்சல் வந்து உடம்பு உருக்குலைந்து போனது. உடற்பயிற்சி செய்துதான் தேறினார். பின்னர் விமானப்படையில் சேர்ந்தார். வெள்ளைக்கார அதிகாரி ஒருவரை அறைந்து சிறைக்குப் போனார். சிறையிலும் கருவிகள் ஏதுமின்றிப் பயிற்சியை விடாமல் செய்தார். அதைக் கண்டு வியந்த அதிகாரிகள் அவருக்குத் தனிச் சாப்பாட்டுக்கு ஏற்பாடு செய்தார்களாம்.

1951-ல் லண்டனில் நடந்த மிஸ்டர் யுனிவர்ஸ் போட்டியில் இரண்டாவதாக வந்தார். ஊர் திரும்பவில்லை. பிரிட்டிஷ் ரயில்வேயில் ஒரு வேலை தேடிக்கொண்டு அங்கேயே தங்கிப் பயிற்சி செய்தார். மறு வருஷம், 1952-ல், தம் பிரிவில் பட்டத்தை வென்றார். 2016-ல் 104-வது வயதில் காலமானார். சோறு, பருப்பு, மீன், காய்கறி, பால் இவைதான் அவர் ஆகாரம். பழையசோற்றின் பெருமையையும் வாய் நிறையச் சொல்வாராம். நம் லயங்களில் காலையில் எதைச் சாப்பிடுகிறோமோ, அதே பழையசோறு!

உழைத்தும் ஏன் இளைப்பு?

"நாள் முழுக்க மேடு பள்ளம் ஏறி இறங்குகிறோம், மூட்டை தூக்குகிறோம். இதைவிடவா உடற்பயிற்சி?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. தினமும் ஒரே அளவு சுமையைத் தூக்கினால் உடம்பு அதற்குப் பழகிக்கொள்ளும். அதற்குமேல் சதை போடாது. சுமை சிறிது சிறிதாகக் கூட வேண்டும். இரண்டாவது, உழைப்பில் செலவாவதைவிட அதிகமாகச் சாப்பிட்டால்தான் மிச்சம் உடம்பில் ஒட்டும். வரவும் செலவும் சரியாக இருந்தால் சேமிப்பு ஏது?

"இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு" என்று நம் பெரியவர்கள் சொன்னது கணக்குத் தெரிந்துதான். எள்ளில் பாதி எண்ணெய். கையளவு தின்றாலும் சக்தி அதிகம். வயிறு சிறுத்தவனுக்கு அதுதான் ஏற்றது. கொள்ளிலும் புரதம் நிறைய உண்டு. இளைத்தவனும் தாராளமாகச் சாப்பிடலாம்.

டின் இல்லாத கணக்கு

சாதாரணமாக ஒருவருக்கு, எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் தினம் சுமார் 0.8 கிராம் புரதம் போதும். சதை வளர்க்கப் பயிற்சி செய்பவருக்கு அதைப் போல இரு மடங்கு, அதாவது 1.6 கிராம். 50 கிலோ எடைக்கு 80 கிராம்.

ஒரு முட்டையில் 6 கிராம். ஒரு தம்ளர் பாலில் 6 அல்லது 7. நிலக்கடலை 50 கிராமில் 12. பச்சைப்பயறோ பருப்போ 50 கிராமில் 11 அல்லது 12. மீன் 100 கிராமில் சுமார் 18. சோற்றிலும் கொஞ்சம் உண்டு. மூன்று முட்டை, இரண்டு தம்ளர் பால், கடலை, பருப்பு, ஒரு வேளை மீன் என்று கூட்டிப் பாருங்கள். 80 தானாக வந்துவிடும்.

ஒரு எச்சரிக்கை. இங்கே மலிவாகக் கிடைக்கும் கப்பைக்கிழங்கு வயிற்றை நிரப்பும், சக்தியும் தரும். ஆனால் 100 கிராம் கிழங்கில் புரதம் சுமார் 1 கிராம்தான். மீன் கறி இல்லாமல் கப்பையை மட்டும் தின்று சதை போடலாம் என்று நினைப்பது வீண். பழையசோற்றுக்கும் இதே விதிதான். ஊறுகாயோடு நிறுத்தாமல் கடலைத் துவையலோ முட்டையோ சேர்த்துக்கொள்ள வேண்டும்.

தண்டாலும் நோட்டுப் புத்தகமும்

நூறாண்டுக்கு முன் யூஜின் சாண்டோ என்ற பலசாலி இந்தியா வந்து வித்தை காட்டினார். அவர் பெயரே இங்கு பட்டமாகிவிட்டது. கோவையில் ஏழைக் குடும்பத்தில் பிறந்து, நண்பர்களோடு தேகப்பயிற்சிச் சாலை நடத்தி, பின்னாளில் படத் தயாரிப்பாளரான சின்னப்பா தேவருக்கு "சாண்டோ" ஒட்டிக்கொண்டது அப்படித்தான்.

ஆரம்பிப்பவருக்கு வாரம் மூன்று நாள் போதும். தண்டால், பஸ்கி, மரக்கிளையைப் பிடித்து எம்புதல், மணல் மூட்டையைத் தூக்கி இறக்குதல். ஒவ்வொன்றும் 8 முதல் 12 தடவை வீதம், இரண்டு அல்லது மூன்று சுற்று. 12 எளிதானால் மணலைக் கூட்டுங்கள். எத்தனை செய்தோம் என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். முதல் சில வாரங்களில் பலம் கூடும், உருவம் மாறாது. மனம் தளரக் கூடாது. வாரத்துக்குக் கால் கிலோ ஏறினால் நல்ல வளர்ச்சி. நாளும் ஏழெட்டு மணி நேரத் தூக்கமும் அவசியம். சதை வளர்வது ஓய்வில்தான்.

முதலில் டாக்டர்

நன்றாகச் சாப்பிட்டும் எடை குறைகிறதா? இரண்டு வாரத்துக்கு மேல் இருமலா? மாலையில் காய்ச்சலா? தண்டாலுக்கு முன் அரசு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். காசநோய்க்குச் சளிப் பரிசோதனையும் மருந்தும் அங்கு இலவசம். சர்க்கரை வியாதி, தைராய்டு கோளாறு, குடற்புழு இவற்றாலும் உடம்பு இளைக்கும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் புரதத்தைக் கூட்டக் கூடாது.

சீக்கிரம் சதை போட ஊசி போடுகிறேன் என்று யாராவது சொன்னால் ஓடி வந்துவிடுங்கள். ஸ்டீராய்டு ஊசி இதயத்தையும் ஈரலையும் கெடுக்கும். விரைகளைச் சுருக்கி ஆண்மைக்கும் உலை வைக்கும்.

அந்தத் தம்பி டின் வாங்கவில்லை. அதே பணத்தில் அவர் தாயார் கம்பத்திலிருந்து கடலையும் எள்ளும் பயறும் வாங்கி வந்தார். மூன்று மாதம் கழித்துப் போனபோது நோட்டைக் காட்டினார். எடை 53 கிலோ. மார்பு 78.

"இன்னும் ரெண்டு பாக்கி அண்ணே" என்றார்.

அடுத்த அறிவிப்பு வருவதற்குள் அந்த இரண்டும் வந்து சேரட்டும். வராவிட்டாலும் நஷ்டமில்லை. ஏறிய மூன்று கிலோ அவருடையது. எந்த நாடாவும் அதைத் திரும்பக் கேட்காது.