அணையாத அழல்

1982-இல் வடக்கு கலிஃபோர்னியாவில் போதை ஊசி போட்டுக்கொண்ட இளைஞர்கள் சிலர், சில நாட்களுக்குள் கைகால் அசைக்க முடியாமல் மரக்கட்டையாக உறைந்துபோனார்கள். கள்ளத்தனமாகக் காய்ச்சிய செயற்கை ஹெராயினில் எம்.பி.டி.பி. என்ற நச்சு கலந்திருந்ததை நரம்பியல் மருத்துவர் வில்லியம் லாங்ஸ்டன் கண்டுபிடித்தார். உடல் விறைப்பு, உணர்ச்சியற்ற முகம், மந்தமான அசைவு என முதுமையில் வரும் பார்க்கின்சன் நோயின் அடையாளங்கள் அந்த இளம் உடல்களில் தெரிந்தன. பின்னாளில் இப்படிப் பாதிக்கப்பட்டு இறந்த மூவரின் மூளையை ஆராய்ந்த முடிவு 1999-இல் வெளியானது. நச்சு உடலில் ஏறி 3 முதல் 16 ஆண்டுகள் கழிந்திருந்தும், எஞ்சியிருந்த நரம்பு செல்களை மைக்ரோகிளியா என்னும் பாதுகாப்பு செல்கள் மொய்த்துக்கொண்டிருந்தன. நரம்பு செல்களின் சாவும் நின்றபாடில்லை. தீக்குச்சி என்றோ அணைந்துவிட்டது. வைக்கோல்போர் மட்டும் உள்ளுக்குள் கனன்றுகொண்டே இருந்தது.

அழற்சி என்ற சொல்லுக்குள்ளேயே அழல், அதாவது நெருப்பு, இருக்கிறது. காலில் முள் குத்தினால் அந்த இடம் சிவந்து, வீங்கி, சுடுகிறதே, அதுதான் அழற்சி. வேலை முடிந்ததும் அது அடங்கிவிட வேண்டும். மூளையில் இந்தக் காவல் வேலை மைக்ரோகிளியாவுக்கு உரியது. சும்மா இருக்கும்போது அவை மெல்லிய கிளைகளை நீட்டி அக்கம்பக்கத்தைத் தடவிப் பார்த்தபடி இருக்கும். ஆபத்து என்று தெரிந்தால் கிளைகளைச் சுருக்கி, உருண்டு திரண்டு, கழிவை விழுங்கும், ரசாயனங்களைக் கக்கும். பார்க்கின்சன் நோயில், டோபமின் என்ற ரசாயனத்தைச் சுரக்கும் செல்கள் நிறைந்த சப்ஸ்டான்ஷியா நைக்ரா என்ற கருநிறப் பகுதி அழிகிறது. நோயாளிகளின் மூளையில் அதே பகுதியில் மைக்ரோகிளியா கிளர்ந்தெழுந்து நிற்பதை 1988-இலேயே கனடாவின் வான்கூவரில் மெக்கீர் குழுவினர் காட்டினார்கள்.

செல் செத்தால் துப்புரவு செய்ய ஆள் வரத்தானே செய்யும், பிணம் கிடக்கும் இடத்தில் நிற்பவரெல்லாம் கொலைகாரரா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. நெடுங்காலம் அறிவியலாளர்கள் பலரும் அப்படித்தான் நினைத்தார்கள். ஆனால் வெறும் துப்புரவு என்றால், உடலின் காவல் செல்கள் மரபணுவிலும் நோய்க்கு முந்தைய ரத்தத்திலும் தடம் பதித்திருக்க மாட்டார்கள். தன்னுடையது எது, அந்நியம் எது என்று உடல் பிரித்தறிய உதவும் எச்.எல்.ஏ. மரபணுப் பகுதிக்கும் பார்க்கின்சனுக்கும் உள்ள தொடர்பு 2010-இல் வெளிப்பட்டது. இந்த நோயாளிகளின் மூளையில் திரண்டு கிடக்கும் புரதம் ஆல்ஃபா சைனூக்ளின். நோயாளிகள் சிலரின் ரத்தத்தில் உள்ள டி செல்கள் என்னும் காவல் செல்கள் அதன் துணுக்குகளை எதிரியாகக் கருதுவதை 2017-இல் டேவிட் சுல்சர், அலெஸ்ஸாண்ட்ரோ செட்டே ஆகியோரின் குழு காட்டியது. 2020-இல் வெளியான தொடர் ஆய்வு, அந்த எதிர்வினை நோயின் தொடக்கத்தில் வலுவாகவும் பிறகு தணிந்தும் இருப்பதைச் சொன்னது. ஒரு நோயாளியிடமிருந்து, நோய் கண்டறியப்படுவதற்குப் பல ஆண்டுகள் முன்பே சேமித்த ரத்தத்திலும் அது தெரிந்தது. ஒருவரை வைத்துத் தீர்ப்பு எழுத முடியாது. ஆனாலும், பிணம் விழுவதற்கு முன்பே வந்து நிற்பவரைத் துப்புரவுக்காரர் என்று சொல்லிவிட முடியுமா?

நெருப்பு மூளையில்தான் மூள வேண்டும் என்பதும் இல்லை, குடலிலும் மூளலாம். கை நடுங்குவதற்குப் பல ஆண்டுகள் முன்பே பலருக்கு மலச்சிக்கல் தொடங்கிவிடுகிறது. நாள்பட்ட குடல் அழற்சி உள்ள ஏறத்தாழ 1,44,000 அமெரிக்கர்களின் காப்பீட்டுப் பதிவுகளை அலசிய 2018-ஆம் ஆண்டு ஆய்வில், அந்த அழற்சி இல்லாதவர்களைவிட அவர்களிடம் பார்க்கின்சன் 28 சதவீதம் கூடுதலாக இருந்தது. அவர்களுள் அழற்சியைத் தூண்டும் டி.என்.எஃப். என்ற பொருளைத் தடுக்கும் மருந்து எடுத்தவர்களிடம், எடுக்காதவர்களைவிட 78 சதவீதம் குறைவு. இது சிகிச்சைப் பரிசோதனை அல்ல, பதிவுகளின் ஒப்பீடுதான். ஆனால் அந்த மருந்து, ரத்தத்துக்கும் மூளைக்கும் இடையிலான தடுப்பைத் தாண்டிச் செல்வது கடினமான பெரிய மூலக்கூறு. உடலின் வேறிடத்தில் தீயைத் தணித்தாலே மூளைக்குப் பலன் கிடைக்கலாம் என்ற ஊகத்துக்கு அதனால் வலு கூடுகிறது.

அப்படியானால் அழற்சியைத் தணிக்கும் என்று நம்பிய மருந்துகள் ஏன் தோற்றன? பயோகிளிட்டசோன் என்ற மருந்து 2015-இல் வெளியான பரிசோதனையில் பயன் தரவில்லை. பெரிதும் நம்பிய எக்செனடைடும் 2025-இல் பெரிய பரிசோதனையில் கைவிட்டது. மறுப்புகளில் வலுவானது இதுதான். ஆனால் இந்த மருந்துகள் அழற்சியை மட்டும் குறிவைப்பவை அல்ல. மேலும், நடுக்கம் வெளியே தெரியும்போது அந்தக் கருநிறப் பகுதியின் செல்களில் பெரும்பங்கு போய்விட்டிருக்கிறது. பாதி வீடு எரிந்த பிறகு ஊற்றிய தண்ணீரை வைத்து, தீயே இல்லை என்று முடிவுகட்ட முடியாது. நடுக்கத்துக்கு முன்பே நோயை இனங்காணும் வழி கைகூடினால்தான் அழற்சி நோயை வளர்க்கிறது என்ற கருத்துக்கு உண்மையான பரீட்சை நடக்கும்.

அதுவரை மாத்திரைக் கடைக்கு ஓட வேண்டாம். ஐபுப்ரோஃபென் எடுப்பவர்களிடம் இந்த நோய் குறைவு என்று சில ஆய்வுகள் சொன்னாலும், ஆஸ்பிரினுக்கு அந்தப் பலன் தெரியவில்லை. நாள்தோறும் விழுங்கினால் வயிற்றில் புண்ணும் சிறுநீரகப் பாதிப்பும் வரக்கூடும். நோய் எதிர்ப்பு சக்தியைக் கூட்டும் என்று விற்கும் பொடியையும் பானத்தையும் சந்தேகத்தோடு பார்க்கவும் இந்த ஆய்வுகள் கற்றுத்தருகின்றன. கூடக்கூட நல்லது என்பதற்கு எதிர்ப்பு சக்தி வங்கிச் சேமிப்பு அல்ல, அடுப்பு நெருப்பு. வேண்டிய நேரத்தில் எரிவது எவ்வளவு முக்கியமோ, சமையல் முடிந்ததும் அவிவதும் அவ்வளவு முக்கியம்.