கூடு உண்டு, உயிர் இல்லை! - டெங்குவை அடக்கப் புதுவகை ஊசி

மழைக்காலம் வந்தால் சித்தூர், திருப்பதிப் பகுதிகளில் டெங்கு பயமும் கூடவே வந்துவிடுகிறது. பெரும்பாலோருக்கு ஒரு வாரத்தில் குணமாகிவிடும் ஜுரந்தான். ஆனால் சிலருக்கு ரத்தக்கசிவு கண்டு உயிருக்கே ஆபத்தாகிறது. 1996-ல் டில்லியில் இந்நோய் பரவியபோது 10,000-க்கு மேற்பட்டோர் பாதிக்கப்பட்டனர். 400-க்கு மேற்பட்டோர் மாண்டனர்.

நான்கு எதிரிகள்

டெங்கு வைரஸில் நான்கு வகைகள் உண்டு. சித்தூருக்குப் பக்கத்திலுள்ள வேலூரிலேயே 1960-களில் இந்த நான்கும் கண்டறியப்பட்டன. ஒரு வகை வந்து குணமானவரை அதே வகை மறுபடி அண்டாது. ஆனால் வேறு வகை தாக்கினால், பழைய எதிர்ப்புச் சக்தியே சில சமயம் புது வைரஸுக்குத் துணைபோய் நோயைக் கடுமையாக்கிவிடுகிறது. வேலியே பயிரை மேய்ந்த கதை!

ஆகவே தடுப்பூசி நான்கையும் ஒருசேர அடக்க வேண்டும். அரைகுறை ஊசியால் ஆபத்து. பிலிப்பைன்ஸில் 2016-ல் பள்ளிக் குழந்தைகளுக்குப் போடத் தொடங்கிய ஊசி, முன்பு டெங்கு வராதவர்களுக்கு நோயைக் கடுமையாக்கக் கூடும் எனத் தெரிந்ததும் 2017-ல் நிறுத்தப்பட்டது.

பதர் நெல் போல

இதற்கு விஞ்ஞானிகள் கண்ட வழிகளில் ஒன்று, வைரஸ் போன்ற வெறும் கூடு. பதர் நெல்லில் உமி உண்டு, அரிசி இல்லை; விதைத்தால் முளைக்காது. அதுபோல் இந்தக் கூடும் உடலில் பெருகாது. ஆனால் உடல் அதைப் பார்த்தே எதிரியை அடையாளம் கண்டு தயாராகிவிடும்.

இது புதிதல்ல. குழந்தை பிறந்தவுடன் போடும் 'பி' வகை மஞ்சள் காமாலை ஊசி இப்படிப்பட்ட கூடுதான். ஹைதராபாத் சாந்தா பயோடெக்னிக்ஸ் நிறுவனம் ஈஸ்ட் என்ற நுண்ணுயிரைக் கொண்டு இதைத் தயாரித்து 1997-ல் வெளியிட்டது.

டில்லியிலுள்ள சர்வதேச மரபுப் பொறியியல் மையத்தில் நவீன் கன்னா, சுவாமிநாதன் குழுவினர் இதே காமாலைக் கூட்டின்மேல் நான்கு டெங்கு வகைகளின் துண்டுகளையும் பொருத்தினர். எலிகளிடமும் குரங்குகளிடமும் நான்குக்கும் எதிர்ப்புச் சக்தி உண்டானதாக 2018-ல் அறிவித்தனர். அந்த எதிர்ப்புச் சக்தி, எலிகளில் நோயைக் கடுமையாக்கவில்லை என்பதே முக்கியம்.

ஆயினும் விலங்குச் சோதனை வேறு, மனிதருக்குப் பயன்படுவது வேறு. அதுவரை தொட்டி, குடங்களை மூடி வைத்து, வாரம் ஒருமுறை தேய்த்துக் கழுவுவதே காப்பு. "ஒருமுறை வந்துவிட்டது, இனி வராது" என்று யாரும் இருந்துவிட வேண்டாம். ஜுரம் விட்ட பின் கடும் வயிற்றுவலி, ஓயாத வாந்தி, ஈறில் ரத்தம் கண்டால் உடனே ஆஸ்பத்திரிக்குச் செல்ல வேண்டும்.