நண்பர் ஒன்றுகூடலும் நகைச்சுவைத் திரைப்படமும்

மேனாட்டு இன்பியல் நாடகங்கள் பெரும்பாலும் மணவினையில் முடிவன. சேக்ஸ்பியரின் 'விரும்பியவாறே' என்னும் நாடகத்தின் இறுதிக் காட்சியில் நான்கு இணையர் மணம் பெறுகின்றனர். இடையூறுகள் நீங்கின என்பதற்கு மணமே அங்கு அடையாளமாகின்றது. இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், சிறு முதலைக் கொண்டு ஆக்கப்பெற்ற நகைச்சுவைத் திரைப்படங்கள் சில இம்முறையைத் தலைகீழாக்கின. மணவிழாவோ அதனையொத்த ஒன்றுகூடலோ அவற்றிற்கு முடிவன்று, தொடக்கமாகும். இம்மாற்றத்திற்குரிய காரணங்கள் ஆராயத்தக்கன.

முதற் காரணம் பொருள் பற்றியது. அமெரிக்கரான யோன் சேல்ஸ் 1980ஆம் ஆண்டில் 'சிக்கோக்கஸ் எழுவரின் மீள்வருகை' என்னும் படத்தை வெளியிட்டார். பிறருக்குத் திரைக்கதை எழுதி ஈட்டிய பணமே அவருக்கு முதல். செலவு ஏறத்தாழ 60,000 டொலர். புகழ்பெற்ற நடிகரை அமர்த்தவும், கமராவைப் பலவாறு நகர்த்திப் படம்பிடிக்கவும் அத்தொகை போதாது. ஆகவே, தாம் அறிந்த, முப்பது வயதை அணுகிய நடிகர்க்கேற்பக் கதையை அமைத்தார். பாத்திரங்கள் பலராயின், ஒருவர் பேச்சிலிருந்து மற்றொருவர் பேச்சுக்குக் காட்சியை மாற்றலாம். கமரா அசையாதிருப்பினும் படம் அசைவுடையதாய்த் தோன்றும். பழைய நண்பர் பலர் ஒரு வீட்டிற் கூடும் கதை இத்தேவைகள் அனைத்திற்கும் இயைந்தது. வறுமையே இங்கு வடிவத்தை வகுத்தது எனலாம்.

இரண்டாவது காரணம் கதையின் இயல்பு பற்றியது. பிரிந்திருந்து கூடும் நண்பர் ஒருவரையொருவர் பழைய நினைவைக் கொண்டே அளக்கின்றனர், வந்திருப்பவரோ வேறொருவர். இவ்வேறுபாட்டிலே நகை பிறக்கின்றது. சேல்ஸின் படத்தில் வரும் நண்பர், மாணவப் பருவத்தில் வாசிங்டன் நகரில் நிகழவிருந்த ஆர்ப்பாட்டத்திற்குச் செல்லும் வழியில், சிக்கோக்கஸ் என்னுமிடத்திற் கைதானவர்கள். பல ஆண்டுகளின் பின் நியூ ஹாம்சயரில் மீண்டும் கூடியபோதும் அவர்கள் கைதாகின்றனர். இம்முறை காரணம் அரசியலன்று. மானொன்றைக் கொன்றனர் என்னும் ஐயமே. அன்று கொள்கைக்காகச் சிறை புகுந்தோர் இன்று மானின் பொருட்டுச் சிறை புகுவது சிரிப்பை விளைப்பதோடு, இழந்த இளமையையும் நினைவூட்டுகின்றது. நண்பருள் ஒருத்தி அழைத்துவந்த புதியவன் பழங்கதைகளை அறியாதவன்; அவனுக்கு விளக்குமுகமாக அவை பார்ப்போர்க்கும் விளங்குகின்றன.

பிரிந்தவர் மாத்திரமே ஒருவரையொருவர் அறியாதவர் என்பது பொருந்தாது. 1994இல் வெளிவந்த 'நான்கு திருமணங்களும் ஓர் இறுதிச் சடங்கும்' என்னும் ஆங்கிலப் படம் இதனை நன்கு காட்டும். றிச்சட் கேர்ட்டிஸ் எழுதி மைக் நியூவெல் நெறிப்படுத்திய இப்படமும், முப்பது இலட்சம் பவுணுக்குக் குறைந்த செலவில் ஆக்கப்பெற்றதே. எனினும் சிறந்த படத்திற்கான ஒஸ்கார் பரிசுக்கு முன்மொழியப்பெற்றது. இதில் வரும் நண்பர் இடையறாது பழகுவோர். பிறர் மணவிழாக்களுக்கு ஒன்றாகச் செல்வோர். தாம் மணமாகாதவர் என்பதிற் பெருமை கொண்டோர். மூன்றாவது மணவிழாவில் அவருள் ஒருவரான கரத் திடீரென இறக்கின்றார். அவருடைய துணைவர் மத்தியூ இறுதிச் சடங்கிற் பேசிய பின்னரே, இவ்விருவரும் இத்தனை காலமும் மணமானவரைப் போலவே வாழ்ந்தனர் என்பதை ஏனையோர் உணர்கின்றனர். பல மணங்களுக்குச் சென்றும் தம்மிடையே இருந்த மணத்தை அவர்கள் கண்டிலர்.

இவ்விரு படங்களாலும் ஓர் உண்மை பெறப்படும். முன்னைய படத்திற் காலமும், பின்னையதிற் பழக்கமும் நண்பரை நண்பரிடமிருந்து மறைக்கின்றன. விழா அத்திரையைச் சிறிது விலக்குகின்றது. விலகியபோது தோன்றும் முகத்தை ஏற்றுக்கொள்ளும் நட்பே நிலைபெறும். இத்தகைய நகைச்சுவை மணமக்களை விடுத்து விருந்தினரை நோக்குவதன் பொருள் இதுவேயாகும்.