அச்சுக்காரன் வீட்டுக் கார்கள்

கார் மாடல் கிட் ஒன்றைப் பிரித்ததும் எல்லாரும் முதலில் கையில் எடுப்பது பாடியைத்தான். நான் எடுப்பது, சின்னப் பாகங்கள் கோத்திருக்கும் பிளாஸ்டிக் சட்டத்தை. அதைத் திருப்பி, பாகத்தை அச்சிலிருந்து வெளியே தள்ளும் எஜெக்டர் பின் பதிந்த வட்டங்கள் எங்கே விழுந்திருக்கின்றன என்று பார்ப்பேன். சீட்டின் முதுகில், தரைத் தகட்டின் அடியில், யார் கண்ணுக்கும் படாத இடத்தில் விழுந்திருந்தால் அந்த அச்சை வெட்டியவன் கெட்டிக்காரன். டாஷ்போர்டின் நடுவில் விழுந்திருந்தால் அவனுக்கு அவசரம், அல்லது அவன் முதலாளிக்கு அவசரம். அம்பத்தூர் எஸ்டேட்டில் டூல் ரூமில் பிளாஸ்டிக் மோல்டு செய்தே ஓய்வு பெற்றவன் நான். வாளி, ஸ்விட்ச் பெட்டி, ஸ்கூட்டர் டெயில் லேம்ப் மூடி என்று காலம் ஓடியது. இந்தப் பொழுதுபோக்குக்கு வருகிறவர்களில் பலரும் கார்ப் பைத்தியங்கள். எனக்கு அச்சுப் பைத்தியம். கார் பிறகுதான் வந்தது.

கிட் என்பது கடையில் வாங்கி அப்படியே அலமாரியில் வைக்கும் உலோகக் கார் அல்ல. பெட்டிக்குள் நூறு சொச்சம் துண்டுகள் இருக்கும். இரண்டாகப் பிளந்த என்ஜின், சஸ்பென்ஷன், சீட், ஸ்டீயரிங், குரோம் பூசிய பம்பர், கண்ணாடிக்கு நிறமில்லாத பிளாஸ்டிக், ரப்பர் டயர், நம்பர் பிளேட்டும் எம்பளமும் அச்சடித்த டெக்கால் தாள். நிப்பரால் வெட்டி, அரம் போட்டு, பெயின்ட் அடித்து, ஒட்டவேண்டும். ஒட்டுவதற்குப் பசை கிடையாது. துண்டுகள் பாலிஸ்டைரீன். அதைக் கரைக்கும் திரவத்தைத் தூரிகை நுனியில் எடுத்து, இரண்டு துண்டும் சேரும் இடுக்கில் தொட்டால் போதும். தானாக உள்ளே ஓடும். இரு பக்கமும் லேசாகக் கரைந்து, ஒன்றோடு ஒன்று கலந்து இறுகிவிடும். பிறகு பிரிக்க நினைத்தால் வேறு இடத்தில்தான் உடையும்.

காரை 24-இல் ஒரு பங்காகவோ 25-இல் ஒரு பங்காகவோ குறைத்திருப்பார்கள். 24 என்றால் ஓர் அடிக்கு அரை அங்குலம். ஜப்பான் கிட்கள் பெரும்பாலும் அந்தக் கணக்கு. அமெரிக்கக் கிட்களில் 25 அதிகம். டெட்ராய்ட் கார்க் கம்பெனிகளின் வரைபடங்கள் பத்தின் கணக்கில் இருந்ததால் வந்தது என்பார்கள்.

இனி அச்சு. வாளிக்கு அச்சு என்றால் இரண்டு பாதி போதும். ஒன்று உள்ளே, ஒன்று வெளியே. பிளாஸ்டிக் உறைந்ததும் நேராக இழுத்தால் வாளி கழன்று வரும். கார் பாடி அப்படி வராது. கூரையில் கோடு, கதவில் கைப்பிடி, முன்னால் கிரில், பின்னால் விளக்குக் குழி என்று ஐந்து பக்கமும் வேலைப்பாடு. நேராக இழுத்தால் கைப்பிடி பிய்ந்துவிடும். அதனால் நாலு பக்கமும் தனித்தனி எஃகுத் துண்டுகள் வைத்து, பக்கவாட்டில் நகரும்படி செய்யவேண்டும். இவற்றை ஸ்லைடு என்போம். பாடி வெளியே வரும்போது இந்த நான்கும் நான்கு திசையில் விலகும். ஒரு ஸ்லைடும் அடுத்ததும் சந்திக்கும் இடத்தில் முடி கனத்துக்கு ஒரு கோடு விழும். எந்தக் கிட்டை எடுத்தாலும் முன் ஃபெண்டரின் வளைவிலும் பின் மூலையிலும் அந்தக் கோடு இருக்கும். புதிதாகச் செய்கிறவர் அதைக் கவனிக்காமல் பெயின்ட் அடித்துவிடுவார். பளபளப்பு ஏறியதும் கோடு வெளியே வந்து நிற்கும். பழகியவர் முதல் வேலையாக 600 நம்பர் நீர்த்தாளால் அதைத் தேய்த்து எடுப்பார்.

இப்போது எல்லாம் கம்ப்யூட்டரில் வரைந்து நேராக எஃகில் வெட்டுகிறார்கள். முன்பு கிட்டைவிடப் பல மடங்கு பெரிதாக மரத்தில் காரைச் செதுக்கி, பான்டோகிராஃப் இயந்திரத்தில் அதன்மேல் ஊசியை ஓட்டி, அதே அசைவைச் சுருக்கி எஃகில் கொத்துவார்கள். மரத்தில் தச்சன் கை எங்கே நடுங்கியதோ அது 25-இல் ஒரு பங்கு காரிலும் இருக்கும். அந்தக் கால கிட்களின் கூரை வளைவு சில சமயம் நிஜக் காரைவிட அழகாக இருப்பது இதனால்தான் என்பது என் எண்ணம்.

இந்தத் தொழில் வேரூன்றியது டெட்ராய்ட் வட்டாரத்தில். ஏஎம்டி என்ற கம்பெனி 1948-இல் தொடங்கியது. அலுமினியம் மாடல் டாய்ஸ் என்பதன் சுருக்கம் அது. ஆனால் சீக்கிரமே பிளாஸ்டிக்குக்கு மாறிவிட்டது. முதலில் அவர்கள் செய்தது கிட் அல்ல. கார் டீலர்கள் வாடிக்கையாளருக்கு நிறம் காட்டவும், கூட வந்த பிள்ளைக்குக் கொடுத்து அனுப்பவும் முழுதாகச் செய்த சின்னக் கார்கள். புது கார் ஷோரூமுக்கு வரும் நேரத்தில் இதுவும் வரவேண்டும் என்பதால், நிஜக் காரின் வரைபடங்களைக் கம்பெனிகளே முன்கூட்டிக் கொடுத்தன. 1950-களில் வந்தவை அசிடேட் பிளாஸ்டிக். அவை காலப்போக்கில் முறுக்கிக்கொண்டு, பானெட் ஒரு பக்கமும் டிக்கி ஒரு பக்கமுமாக வளைந்து போயின. நேராக நிற்கும் 50-களின் கார் ஒன்று கிடைத்தால் சேகரிப்பவர்கள் விடமாட்டார்கள்.

1958-இல் ஏஎம்டி அந்தக் கார்களையே துண்டுகளாகப் பெட்டியில் போட்டு விற்றது. ஒரே பெட்டியில் மூன்று வழி. கம்பெனி விட்டபடியே கட்டலாம், அலங்காரம் செய்து கட்டலாம், ரேஸ் காராகக் கட்டலாம். அமெரிக்கப் பையன்கள் அள்ளினார்கள். கார் கட்டும் ஆசை அந்த ஊர்ப் பிள்ளைகளுக்குப் புதிதும் அல்ல. ஜெனரல் மோட்டார்ஸின் பாடி கட்டும் பிரிவான ஃபிஷர் பாடி 1930 முதல் 1968 வரை பையன்களுக்கு மாடல் போட்டி நடத்தி, ஜெயித்தவர்களுக்குப் படிப்புச் செலவுக்குப் பணம் கொடுத்தது. 1947-இல் அதில் பரிசு வாங்கிய சக் ஜோர்டான் பிற்காலத்தில் ஜெனரல் மோட்டார்ஸின் வடிவமைப்புத் தலைவரே ஆனார்.

டூல் ரூம்காரனாக எனக்கு வயிறு எரியும் கட்டம் இனிமேல்தான். அமெரிக்கக் கார்கள் வருஷா வருஷம் முகம் மாறும். கிரில் மாறும், விளக்கு மாறும். ஒவ்வொரு வருஷமும் புது அச்சு வெட்டக் காசு கட்டாது. அதனால் போன வருஷத்து அச்சையே எடுத்து, மூக்கையும் வாலையும் வெட்டி, புதுக் கிரில்லைக் கொத்தினார்கள். சில அச்சுகள் கடைசியில் மண் பாதை ரேஸ் காராக மாறி, சக்கர வளைவு எல்லாம் அறுபட்டுப் போயின. வெட்டிய எஃகு வெட்டியதுதான். வெல்டிங் வைத்து நிரப்பி மறுபடி கொத்தலாம். யார் செலவு செய்வார்கள்? ஆக, 1960-களின் சில வருஷத்துக் கார்கள் அந்த வருஷம் அடித்த பெட்டிகளோடு சரி.

சேகரிப்பில் விலை ஏறுவதும் இறங்குவதும் இதை வைத்துத்தான். அச்சு பிழைத்திருந்தால் கம்பெனி எப்போது வேண்டுமானாலும் மறுபடி அடிக்கும், விலை சரியும். அச்சு போயிருந்தால் கட்டாத பழைய பெட்டிக்குத் தனி மரியாதை. ஏஎம்டி, எம்பிசி போன்ற பழைய பெயர்களும் மிச்சமிருந்த அச்சுகளும் கைமாறிக் கைமாறி, இன்று இண்டியானாவில் சவுத் பெண்ட் ஊரிலுள்ள ரவுண்ட் 2 கம்பெனியிடம் இருக்கின்றன. அவர்கள் பழைய கிட்டை அளந்து, அழிந்த அச்சைப் புதிதாக வெட்டிக்கொண்டுவருவதும் உண்டு. பெட்டியைப் பிரிக்காமலே வைத்திருக்கும் அடையாறு நண்பர் ஒருவருக்கு அப்படி ஓர் அறிவிப்பு வந்தால் அன்று சாப்பாடு இறங்காது. நான் அன்றைக்குப் பாயசம் குடிப்பேன்.

ஜப்பானில் இந்தத் தொழில் பெரும்பாலும் ஷிசுவோகா வட்டாரத்தில் குவிந்திருக்கிறது. தமியா, அயோஷிமா, ஃபுஜிமி, ஹசேகாவா எல்லாம் அந்தப் பக்கம்தான். தமியா 1946-இல் மரம் அறுக்கும் கம்பெனியாகத் தொடங்கி, மர மாடலுக்கு வந்து, 1960-இல் யமாட்டோ போர்க்கப்பலோடு பிளாஸ்டிக்குக்கு வந்தது. 1976-இல் 12-இல் ஒரு பங்கு போர்ஷே 934 கிட் செய்வதற்காக ஒரு நிஜ போர்ஷே 911-ஐ விலைக்கு வாங்கி, அக்கக்காகக் கழற்றிப் பார்த்தார்கள். எங்கள் டூல் ரூமில் சாம்பிள் பீஸ் கேட்டால், கஸ்டமர் உடைந்த பாதியைக் கொடுத்து அனுப்புவார்.

பெயின்ட் விஷயம் தனிக் கலை. நிஜக் காரில் பெயின்ட் ஏறக்குறைய 0.1 மி.மீ. கனம். மாடலிலும் அதே கனம் ஏறினால், கணக்குப்படி காரின்மேல் 2.4 மி.மீ. பூசியதாக அர்த்தம். கதவு இடுக்கு அடைந்து, எம்பளம் மொழுக்கென்று ஆகிவிடும். அதனால் ஏர்பிரஷ்ஷில் மெல்லிசாகப் பல தடவை அடிக்கவேண்டும். ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் கார் நிறத்தின் பெயர் சொன்னால் கலந்து கொடுப்பார்கள். ஆனால் கார் பெயின்ட்டின் தின்னர் பாலிஸ்டைரீனைக் கடித்துவிடும். ப்ரைமர் இல்லாமல் அடித்தால் மேற்பரப்பு சிலந்தி வலையாக வெடிக்கும். சென்னையில் இன்னொரு தொல்லை ஈரக் காற்று. லாக்கர் காய்வதற்குள் ஈரம் ஏறி, கருப்பு நிறம் சாம்பல் பூத்துவிடும். ஐப்பசி, கார்த்திகையில் நான் ஏர்பிரஷ்ஷைத் தொடுவதே இல்லை. அரம் போடும் வேலையை அந்த மாதங்களுக்கு ஒதுக்கிவைப்பேன்.

நம் வெயிலால் ஒரு நன்மையும் உண்டு. பழைய கிட்டின் டெக்கால் தாள் மஞ்சளித்திருந்தால், ஜன்னல் கண்ணாடியில் வெயில் பார்க்க ஒட்டிவைக்கலாம். மஞ்சள் மெல்ல வெளுத்துவிடும்.

விலையைப் பற்றிக் கேட்காதீர்கள். பொம்மைகளும் அளவு மாடல்களும் சுங்கக் கணக்கில் ஒரே தலைப்பு. 2020-இல் 20 சதவீதமாக இருந்த இறக்குமதி வரி 60 ஆனது, 2023-இல் 70. உள்ளூர்ப் பொம்மைத் தொழிலுக்காக என்றார்கள், நியாயம்தான். அந்தத் தொழில் இன்னும் கார் கிட் பக்கம் திரும்பவில்லை என்பதுதான் என் வருத்தம். அம்பாசிடருக்கு 24-இல் ஒரு பங்கில் இப்படியொரு கிட்டை நான் எங்கும் பார்த்ததில்லை. ஸ்லைடு அச்சு வெட்டத் தெரிந்த கைகள் அம்பத்தூரிலும் கோயம்புத்தூரிலும் இருக்கின்றன. வாங்க எத்தனை பேர் வருவார்கள் என்ற கணக்கில்தான் எல்லாம் நிற்கிறது.

அச்சு இல்லாத காரைக் கையால்தான் செய்யவேண்டும். என் மேஜைமேல் இப்போது இருப்பது மாருதி ஜிப்ஸி. அதற்குக் கிட் இல்லை; அதன் குட்டைத் தம்பி, பழைய சுசுகி ஜிம்னிக்கு ஹசேகாவாவின் கிட் இருக்கிறது. ஜிம்னியின் வீல்பேஸ் 2,030 மி.மீ., ஜிப்ஸிக்கு 2,375. வித்தியாசம் 345 மி.மீ. 24-ஆல் வகுத்தால் 14.4 மி.மீ. கதவுக்குப் பின்னால் பாடியையும் சேஸியையும் ரம்பத்தால் அறுத்து, நடுவில் 14.4 மி.மீ. ஸ்டைரீன் தகடு வைத்தேன். இடுக்கை நிரப்ப, அதே கிட்டின் சட்டத் துண்டுகளை ஒட்டும் திரவத்தில் கரைத்த கூழ். காய்ந்ததும் பாடியின் பிளாஸ்டிக்கே ஆகிவிடும். நீண்ட பக்கத்துக்கு வேண்டிய ஜன்னல், பழைய சி.டி. பெட்டி மூடி. அதுவும் பாலிஸ்டைரீன்தான்.

மற்ற அளவுகளுக்கு ஆவடியில் ஒரு மெக்கானிக் ஷெட்டுக்குப் போனேன். ராணுவம் ஏலம் விட்ட ஜிப்ஸி ஒன்று அங்கே நின்றது. டேப்பை வைத்து அளக்க ஆரம்பித்ததும் மெக்கானிக் கிரீஸ் கையோடு வந்து நின்றார்.

“என்ன சார், வாங்கப் போறீங்களா?”

“இல்லப்பா, வீட்ல ஒண்ணு செய்யறேன்.”

ஏற இறங்கப் பார்த்தார். கைபேசியில் அறுத்த பாடியின் படத்தைக் காட்டியதும் டேப்பின் மறுமுனையை அவரே பிடித்துக்கொண்டார். “பின்னாடி டோர் கீல் மூணு இல்ல சார், ரெண்டு. நல்லாப் பாத்துக்கோங்க” என்றார்.

அகலத்தில்தான் வேலை பாக்கி. ஜப்பான் ஜிம்னி 1,395 மி.மீ., பின்னாளைய ஜிப்ஸி 1,540. மாடலில் 6 மி.மீ. குறைகிறது. ஆக்ஸிலைக் கொஞ்சம் நீட்டி, சக்கர வளைவின்மேல் அகலமான ஃபெண்டர் ஃப்ளேர் பொருத்தவேண்டும். முன்னுக்கு ஒன்று, பின்னுக்கு ஒன்று பித்தளையில் செதுக்கி, அதன்மேல் சிலிக்கான் ரப்பர் ஊற்றி அச்செடுத்தேன். இடப் பக்கத்துக்கு அதன் எதிர் வடிவம் தனியே. ரெசின் ஊற்றினால் அரை மணியில் கெட்டியாகிவிடுகிறது. எஃகு அச்சு லட்சக்கணக்கில் அடிக்கும். சிலிக்கான் இருபது, முப்பது வார்ப்புக்குள் கிழிந்துவிடும். எனக்கு ஒரு செட் போதும். கோயம்புத்தூர்ப் பையன் ஒருவன், “சார், எனக்கு ரெண்டு செட் போட்டுருங்க, ஒண்ணு ராணுவப் பச்சை, ஒண்ணு போலீஸ்” என்று சொல்லிவைத்திருக்கிறான். பணம் வேண்டாம் என்றேன். ஹெட்லைட்டுக்குக் குரோம் வளையம் கடைந்து அனுப்பச் சொல்லியிருக்கிறேன். அவன் மாமாவிடம் சின்ன லேத் இருக்கிறதாம்.