வரையாட்டை எண்ணுவது எப்படி?

தமிழகத்தின் மாநில விலங்கான வரையாட்டை சமவெளியில் காண முடியாது. மேற்குத் தொடர்ச்சி மலையில், பெரும்பாலும் 1,200 மீட்டருக்கு மேலே, புல்வெளியும் செங்குத்துப் பாறையும் சேரும் இடமே அதன் வீடு.

ஏன் கடினம்?

சாம்பல் கலந்த பழுப்பு உடல் பாறை நிறத்தோடு ஒன்றிவிடும். மூடுபனி இறங்கினால் மந்தையே மறைந்துபோகும். புலியை அதன் வரிகளைக் கொண்டு கேமராப் படத்திலேயே பிரித்தறியலாம். வரையாட்டுக்கு அப்படி அடையாளம் இல்லை.

எப்படி எண்ணுகிறார்கள்?

ஒரே மலைப்பாதையில் இரண்டு குழுக்கள் இடைவெளி விட்டுத் தனித்தனியே நடக்கும். ஒவ்வொரு மந்தையிலும் குட்டி எத்தனை, பெட்டை எத்தனை, முதுகில் வெளிறிய திட்டுள்ள முதிர்ந்த கிடா எத்தனை என்று குறித்துக்கொள்ளும். அந்தச் சேர்க்கைதான் மந்தையின் அடையாளம்.

முதல் குழு 8 மந்தைகளையும் இரண்டாம் குழு 9 மந்தைகளையும் கண்டன, அவற்றில் 6 பொதுவானவை என்று வைத்துக்கொள்வோம். இரண்டாம் குழு கண்ட 9-இல் முதல் குழுவின் கண்ணில் பட்டவை 6, அதாவது மூன்றில் இரண்டு பங்கு. ஆகவே முதல் குழு கண்ட 8-உம் மொத்தத்தில் மூன்றில் இரண்டு பங்கே, மொத்தம் 12. நேரில் கண்டவை 11தான். யாருமே காணாத ஒன்றும் கணக்கில் வந்துவிடுகிறது!

எதற்கு இந்தப் பாடு?

தமிழகத்தில் 2024-இல் 1,031, 2025-இல் 1,303 என மதிப்பிட்டார்கள். இரண்டாம் ஆண்டில் கூடுதல் இடங்களிலும் தேடினார்கள். ஆகவே உயர்வு முழுவதும் பெருக்கம் அல்ல. எங்கே எத்தனை என்று ஆண்டுதோறும் எண்ணினால்தான், அந்நிய சீகை மரங்கள் விழுங்கிய புல்வெளிகளில் எதை முதலில் மீட்பது என்பது தெரியும்.